ட்ரிப்பர் இருந்தும் உயிர் போவது ஏன்? பண்டிகை மாதங்களும் வடசென்னையின் மின்பாதுகாப்பும்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் அதே செய்தி, தெருவின் பெயர் மட்டும் மாறி, மறுபடியும் வருகிறது. கடை ஷட்டரைத் தூக்கியவர், கொடிக்கம்பியில் துணி காயப்போட்டவர், குளிக்கத் தண்ணீர் சுட வைத்தவர் மின்சாரம் பாய்ந்து இறந்தார். படிப்பவர்களுக்கு எழும் முதல் சந்தேகம் நியாயமானது: வீட்டில் ட்ரிப்பர் இருந்திருக்குமே, அது ஏன் விழவில்லை?

ட்ரிப்பர் என்று நாம் சொல்லும் எம்.சி.பி., கம்பி சூடேறி எரிந்துவிடாமல் காக்க வைக்கப்பட்ட கருவி. மனித உடலைக் காக்கும் வேலை அதற்குக் கொடுக்கப்படவே இல்லை. பண்டிகைக் கால எச்சரிக்கைகளில் இந்த அடிப்படை விடுபட்டுப் போகிறது. "ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்" என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. இறந்தவர்களில் பலர் சுவிட்சைத் தொடவே இல்லை. இரும்புக் கதவையும் தண்ணீரையும் தொட்டார்கள்.

ஏன் இந்த மாதங்கள், ஏன் வடசென்னை

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ் என்று வீட்டுக்கு வெளியே விளக்குக் கட்டும் நாட்களும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. ஆயுத பூஜையும் பெரும்பாலும் அக்டோபரில்தான். சீரியல் செட்டும் அடைமழையும் நமக்கு ஒரே வாரத்தில் வாய்க்கின்றன.

வடசென்னைக்கு இதற்கு மேலும் மூன்று காரணங்கள் உண்டு.

1. உப்புக்காற்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் வயர், சுவிட்ச் போர்டு, பீங்கான் எல்லாவற்றின் மீதும் உப்பு படிகிறது. உலர்ந்திருக்கும்போது தொல்லையில்லை. ஈரம் பட்டதும் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். எர்த் கம்பியின் கிளாம்பும் நட்டும் துருவேறிப் போகும். பார்ப்பதற்குக் கம்பி இருக்கும், தொடர்பு அறுந்திருக்கும்.

2. பழைய வீடுகளும் ஒட்டுக் குடித்தனங்களும். ஒரே சர்வீஸ் இணைப்பிலிருந்து நான்கைந்து குடித்தனங்களுக்கு சப் மீட்டர் வைத்துப் பிரித்திருப்பார்கள். அப்பா காலத்து வயரிங்கில் இன்று ஏ.சி. ஓடும். வயரிங் வீட்டுக்காரருடையது, ஷாக் வாங்குவது குடியிருப்பவர்.

3. கீழே பட்டறை, மேலே குடித்தனம். தொழிற்சாலைக்குரிய மூன்று பேஸ் மின்சாரமும் குழந்தைகள் தவழும் தரையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன.

2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாளில், முத்தியால்பேட்டைப் பகுதியில் ஏ.டி.எம். மையத்துக்குப் பணம் எடுக்கச் சென்ற வெளிமாநில இளைஞர் மின்சாரம் பாய்ந்து இறந்தார். மூவரும் எந்த மின்சாதனத்தையும் கையாண்டுகொண்டிருக்கவில்லை. நடந்து போனார்கள், அவ்வளவுதான்.

மூன்று கோளாறுகள், மூன்று காவல்கள்

செய்திகளில் பெரும்பாலான மின்விபத்துகள் "மின்கசிவு" என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுகின்றன. உள்ளே இருப்பவை மூன்று வெவ்வேறு கோளாறுகள்.

1. மிகைப் பளு, அதாவது ஓவர்லோடு. கம்பி தாங்கக்கூடியதைவிட அதிக மின்சாரம் இழுப்பது. கம்பி சூடேறும், இன்சுலேஷன் உருகும், தீப்பிடிக்கும்.

2. ஷார்ட் சர்க்யூட். மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பியும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் நேரடியாக உரசுவது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும்.

3. கசிவு. பேஸ் கம்பியிலிருந்து மின்சாரம் இரும்பு உடல், ஈரச் சுவர், மனித உடல் வழியாக மண்ணுக்குப் போவது. அளவு மிகச் சிறியது. ஆனால் ஷாக்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான்.

ப்யூஸும் எம்.சி.பி.யும் முதல் இரண்டுக்கு மட்டுமே. மூன்றாவதைக் கண்டுபிடிக்க வேறொரு கருவி வேண்டும்.

ட்ரிப்பரின் கண்ணுக்குத் தெரியாத மின்சாரம்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் ஒருவருடைய உடலின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

இந்த அளவு உடலை என்ன செய்யும்?

1. 1 மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும்.

2. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகும். பிடித்த கையை விட முடியாது. "கரண்ட் இழுத்துக்கொண்டது" என்று சொல்வது இதைத்தான்.

3. 30 மில்லி ஆம்பியர் அளவில் மூச்சுத் தசைகள் இறுகி மூச்சுத் திணறும். அதற்கு மேல் ஏற ஏற, ஓடும் நேரம் கூடக் கூட, இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் வேகமாக வளரும்.

230 மில்லி ஆம்பியர் ஓர் ஆளைக் கொல்லத் தாராளமாகப் போதும். ஆனால் ஒரு சாதாரண சீலிங் ஃபேன் இழுப்பதைவிட அது குறைவு. 6 ஆம்பியர் ட்ரிப்பர் அதைப் பார்த்து விழுமானால், ஃபேன் போடும் ஒவ்வொரு முறையும் விழ வேண்டியிருக்கும். ட்ரிப்பர் கெட்டுப்போகவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டு மேலே தூக்கியபடியே நிற்கும். கீழே ஆள் விழுந்து கிடப்பார்.

எர்த் மட்டும் போதுமா?

மூன்று ஓட்டை ப்ளக்கின் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த்துக்கு உரியது. கிரைண்டர், ஹீட்டர், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றின் இரும்பு உடலை அது மண்ணில் புதைத்த குழாயுடனோ தகட்டுடனோ இணைக்கிறது. உள்ளே பேஸ் கம்பி உடலை உரசினால் மின்சாரம் நம் வழியாகப் போகாமல் எர்த் வழியாக இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நன்றாகப் பராமரித்த எர்த் குழியின் தடை 10 ஓம் என்று கொள்வோம். கோளாறு ஏற்பட்டால் அதன் வழியே பாயக்கூடியது 230-ஐ 10-ஆல் வகுத்த 23 ஆம்பியர். மெயினில் 32 ஆம்பியர் ட்ரிப்பர் இருந்தால் அது அசையாது. அந்த இணைப்புக்கென்று 16 ஆம்பியர் ட்ரிப்பர் தனியாக இருந்தால்கூட, இந்த மின்சாரத்துக்கு அது விழ ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை ஹீட்டரின் உடலில் ஆபத்தான மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும். உப்பும் கரியும் போட்டுப் பல வருடமாகத் தண்ணீர் ஊற்றாத குழியில் தடை இன்னும் பல மடங்கு ஏறியிருக்கும். பிறகு பாய்வது இரண்டு, மூன்று ஆம்பியர்தான்.

எர்த் இல்லாத வீடுகளில் சிலர் செய்யும் குறுக்கு வழி இதைவிட மோசமானது. ப்ளக் பாயிண்டின் உள்ளே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பி எடுத்து எர்த் முனையில் முறுக்கிவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் எரியும், எர்த் சரியாக இருப்பது போலத் தோன்றும். மீட்டர் போர்டுக்கும் அந்த பாயிண்டுக்கும் நடுவே நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் வழியாகப் பேஸ் வந்து, அதே துண்டுக் கம்பியில் ஏறி, கிரைண்டரின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஆகிவிடும். பாதுகாப்புக்கு என்று போட்ட கம்பியே ஆளைக் கொல்லும். உங்கள் வீட்டு ப்ளக் பாயிண்டைத் திறக்கும் எலக்ட்ரீஷியனிடம் இந்த ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது

கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மேலே சொன்ன அந்தக் கருவி இதுதான். இதைச் சில எலக்ட்ரீஷியன்கள் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். எம்.சி.பி. போலவே இருக்கும், முகப்பில் சிறிய டெஸ்ட் பொத்தான் ஒன்று கூடுதலாக இருக்கும். பேஸ் வழியாகப் போன மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பிய மின்சாரமும் சமமா என்று நொடிதோறும் கணக்குப் பார்க்கும் கணக்குப்பிள்ளை அது. போனது 5 ஆம்பியர், திரும்பியது 4.97 ஆம்பியர் என்றால், குறைந்த 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் மண்ணுக்குப் போகிறது என்று பொருள். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு அதிகமாக இருந்தால் இன்னும் வேகமாக.

எர்த் சரியாக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே கசிவு எர்த்தில் இறங்கும், கருவி விழும். எர்த் இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகு விழும். ஷாக் அடிக்கும், ஆனால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு மிக அதிகம்.

இதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் இது விழாது. போனதும் வந்ததும் சமமாக இருக்குமே.

2. ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் இது பார்க்காது. எம்.சி.பி.யும் கூடவே வேண்டும்.

3. அசையாமல் கிடந்தால் உள்ளே இறுகிப்போகும். மாதம் ஒரு முறை டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

4. வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்க வேண்டும். 100, 300 என்று குறித்தவை தீயைத் தடுக்கும், ஆளைக் காப்பாற்ற அவற்றை நம்பக் கூடாது.

"மாட்டினோம், அடிக்கடி விழுந்தது, எடுத்துவிட்டோம்" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். ஒட்டுக் குடித்தனங்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரண்டு குடித்தனங்களுக்குப் பேஸ் தனித்தனி, நியூட்ரல் பொது. என் வீட்டுப் பேஸில் போனது பக்கத்து வீட்டு நியூட்ரலோடு கலந்து திரும்பினால் கணக்கு உதைக்கும். நியூட்ரலைப் பிரித்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும். அது ஒரு நாள் வேலை. மழை நாளில் மட்டும் விழுகிறது என்றால் எங்கோ ஈரச் சுவரில் கசிவு இருப்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அந்த நேரத்தில் அதைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுப்பதைப் போல ஆபத்தான செயல் வேறில்லை.

வீட்டுக்காரர் மெயினில் கை வைக்க விடமாட்டார் என்பவர்கள், ஒரு சிறிய பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இரண்டு ப்ளக் பாயிண்டும் வைத்துத் தனியாகச் செய்துகொள்ளலாம். சீரியல் செட், ஹீட்டர் ராடு, கிரைண்டர் எல்லாவற்றையும் அந்தப் பெட்டி வழியாக மட்டும் ஓட்டலாம். வீடு மாறும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

சீரியல் செட்: சின்ன பல்பு, முழு வோல்டேஜ்

கடுகு போல இருக்கிற பல்பில் என்ன ஷாக் அடித்துவிடப் போகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பழைய குண்டு பல்பு செட்டில் 6 வோல்ட் பல்புகள் 40 வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். 6-ஐ 40-ஆல் பெருக்கினால் 240. ஒவ்வொரு பல்பின் இரு முனைகளுக்கும் நடுவே 6 வோல்ட்தான். மண்ணில் நிற்கும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வரிசையில் பேஸ் பக்கத்துப் பல்பைத் தொட்டால் ஏறக்குறைய முழு 230 வோல்ட்.

ஒரு பல்பு போய்விட்டால் செட் முழுவதும் அணையும். அப்போது நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடாததால் மற்ற பல்புகளில் எந்த இழப்பும் இல்லை. அறுந்த இடத்தின் ஒரு முனையில் முழு வோல்டேஜும் வந்து காத்திருக்கும். விளக்கு எரியவில்லையே என்று ஸ்டூல் போட்டு ஏறி, கெட்ட பல்பை உருவி, இரண்டு முனைகளையும் பல்லால் உரித்து முறுக்குகிறார்கள். எரியாத செட், எரியும் செட்டைவிட ஆபத்தானது.

சுவிட்சை அணைத்துவிட்டேன் என்பதும் காவல் ஆகாது. இரண்டு முள் ப்ளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் உள்ளே போகும். பழைய போர்டுகளில் சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பதும் உண்டு. அப்படியானால் அணைத்த பிறகும் வயரில் உயிர் இருக்கும். ப்ளக்கை உருவிக் கையில் பிடித்துக்கொண்ட பிறகே செட்டைத் தொட வேண்டும்.

இன்றைய எல்.இ.டி. செட்டுகளில் சூடு குறைவு, தீ அபாயம் குறைவு. ஷாக் அபாயம் குறையவில்லை. மலிவானவற்றில் பல, ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக 230 வோல்ட்டில் ஓடுகின்றன. வாங்கும்போது அடாப்டரோடு வரும் குறைந்த வோல்டேஜ் செட்டைத் தேர்ந்தெடுத்து, அடாப்டரை வீட்டுக்குள்ளேயே வைத்து, மெல்லிய வயரை மட்டும் வெளியே விடுவது நல்லது.

கட்டும் இடமும் முக்கியம். இரும்பு கிரில், தகரக் கூரை, கடை ஷட்டர், மாடிப்படிக் கைப்பிடி, கொடிக்கம்பி ஆகியவற்றில் செட்டைச் சுற்றவே கூடாது. காற்றில் ஆடி ஆடி இரும்பின் விளிம்பு வயரை அறுக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் ஒரு கடை வாசலைப் பாருங்கள். ஷட்டர் பெட்டிக்கும் பலகைக்கும் நடுவே வயர் நசுங்கிக் கிடக்கும். ஷட்டர் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது தேயும். இரவு மழை பெய்திருக்கும். காலையில் முதலில் வந்து ஷட்டரைத் தூக்குபவர் கடைப்பையன். நைலான் கயிறும் பிளாஸ்டிக் கிளிப்பும் சில பத்து ரூபாய். கொடிக்கம்பியையும் இந்தப் பண்டிகையோடு கழற்றி எறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டிவிடுங்கள்.

ராயபுரத்தில் டிசம்பரில் மாடிக்கு மாடி தொங்கும் காகித நட்சத்திரங்களுக்குள் 60 வாட் குண்டு பல்பு போடுவது தீக்கு வழி. எல்.இ.டி. பல்பே போதும்.

தீபாவளி விடியலும் அடுப்படியும்

எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் ஆறேழு பேர் வரிசையில் நிற்கும் நேரம். வாளியில் ஹீட்டர் ராடு கிடக்கிறது. தண்ணீர் சுட்டுவிட்டதா என்று அம்மா விரலை விடுகிறார். ராடின் வெளி உறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் வாளித் தண்ணீர் முழுவதும் மின்னேறியிருக்கும். தரை ஈரம், கால் வெறுங்கால், உடம்பில் தண்ணீர். இதைவிடத் தோதான சூழ்நிலை மின்சாரத்துக்கு வாய்க்காது. சுவிட்சை அணைத்து, ப்ளக்கை உருவி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். அந்தப் பொறுப்பை அன்று காலை வீட்டில் ஒரே ஒருவரிடம் கொடுங்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அன்று அடுப்பிலேயே தண்ணீர் சுட வைக்கலாம்.

முறுக்கு, அதிரசம் செய்யும் நாட்களில் பிரச்சினை ஓவர்லோடு. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். 750 வாட் மிக்ஸி 3.3 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 12 ஆம்பியர். 6 ஆம்பியருக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் செருகினால் மின்சாரம் இரு மடங்கு, ஆனால் சூடு நான்கு மடங்கு. சூடு மின்சாரத்தின் இருமடியாக ஏறும். ப்ளக் முனை பழுப்பேறியிருந்தாலோ மீன் நாற்றம் போல ஒரு வாடை வந்தாலோ உள்ளே பிளாஸ்டிக் கருகிக்கொண்டிருக்கிறது. ட்ரிப்பர் அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடுவது, கம்பியை எரிய விடுவதற்குச் சமம்.

ஆயுத பூஜையும் விஜயதசமிக் காலையும்

பட்டறைகளைப் பொறுத்தவரை பண்டிகைக் கால ஆபத்து ஆயுத பூஜைக்கு முதல் நாளே தொடங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கேறிய லேத்தையும் ட்ரில்லையும் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறார்கள். மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் நான்கு ஸ்க்ரூவில் இரண்டுதான் இருக்கும். மூடியின் இடுக்கில் தண்ணீர் போகும். ஸ்டார்ட்டரின் பொத்தான் மீது சந்தனமும் குங்குமமும் குழைத்து வைக்கிறார்கள். ஈர மாலை ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் சாத்தப்படுகிறது. மெஷினைச் சுற்றிச் சீரியல் செட். மறுநாள் காலை கற்பூரம் காட்டி, மெஷினை ஒரு சுற்று ஓட விட வேண்டும் என்பது வழக்கம். பச்சைப் பொத்தானை அழுத்துபவர் வெறுங்காலோடு நிற்கிறார்.

வழக்கத்தை விட வேண்டியதில்லை. முறையை மாற்றினால் போதும்.

1. கழுவுவதற்கு முன் மெயினை இறக்க வேண்டும். ப்யூஸ் கேரியர் உள்ள இடத்தில் அதைக் கழற்றிப் பொறுப்பாளர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வேறு யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது.

2. மோட்டார், ஸ்டார்ட்டர், பேனல் போர்டு மூன்றையும் கழுவக் கூடாது. உலர்ந்த துணியால் துடைக்கலாம். பொட்டு மெஷினின் இரும்பு உடலில் வைக்கலாம்.

3. தண்ணீர் பட்டுவிட்டதாகச் சந்தேகம் இருந்தால், இன்சுலேஷனின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்து, மோட்டாரின் கம்பிச்சுருளான வைண்டிங்குக்கும் உடலுக்கும் நடுவே பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் காய வைக்காமல் ஓட்டக் கூடாது.

4. முதல் ஓட்டத்தை ரப்பர் செருப்போ ஷூவோ அணிந்த ஒருவர் செய்யட்டும். பூஜைக்காக அவிழ்த்ததைப் பூஜை முடிந்ததும் அணிந்துகொள்வதில் குறையில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தையல் கூடங்கள் விடிய விடிய ஓடுகின்றன. ஓர் அறையில் பத்து மோட்டார், இரண்டு அயர்ன் பாக்ஸ், துணிக் குவியல், ஒரே வழி. அயர்ன் பாக்ஸின் வயர் உறை கிழிந்து செப்பு தெரிந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டக் கூடாது. வயரையே மாற்ற வேண்டும். கையில் பிடித்து வேலை செய்யும் கிரைண்டர், ட்ரில் ஆகியவற்றுக்கான ப்ளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும்.

இந்தக் கூடங்களில் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். மெயின் எங்கே, எதைத் தொடக் கூடாது என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு முறை நேரில் காட்டுவது முதலாளியின் கடமை. தமிழில் எழுதி ஒட்டிவிட்டேன் என்பது பதில் ஆகாது. வேலை காரணமாக நேர்ந்த விபத்தில் தொழிலாளி இறந்தால் குடும்பம் இழப்பீடு கேட்க 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வழிசெய்தது. தினக்கூலி என்று சொல்லி அந்த உரிமையைத் தட்டிக்கழிக்க அது இடம் தரவில்லை.

தெரு, கோயில், பந்தல்

பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் தெருவில் உள்ள பில்லர் பாக்ஸிலிருந்து, அதாவது மின்வாரியத்தின் விநியோகப் பெட்டியிலிருந்து, கொக்கி போட்டு இழுப்பது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அப்படித் திறந்த பெட்டியின் கதவு பிறகு சரியாக மூடுவதில்லை. விழா முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவார்கள், திறந்த பெட்டி மழைக்காலம் முழுவதும் குழந்தைகள் போகும் வழியில் நிற்கும். பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பித்தால் முறையான இணைப்புக் கிடைக்கும்.

ஊர்வலங்களில் உயரத்தைக் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். ஊர்வலப் பாதையை முன்கூட்டியே நடந்து பார்த்து, கம்பிகள் குறுக்கிடும் இடங்களை மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும்.

ஜெனரேட்டர் வைப்பவர்கள், தெரு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ப்ளக் பாயிண்டில் செருகி ஓட்டக் கூடாது. அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறும். லைன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பிக் கம்பியில் கை வைக்கும் ஊழியர் சாவார்.

தண்ணீர் வடிந்த பிறகு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி போன்ற பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. "மழை நின்றுவிட்டது, ஏன் கொடுக்க மறுக்கிறார்கள்" என்ற கோபம் இயல்பு. பில்லர் பாக்ஸும் தரைத்தளத்து மீட்டர் போர்டும் மூழ்கியிருக்கும்போது மின்சாரம் விட்டால் தெருத் தண்ணீரே உயிரைக் கொல்லும். மீண்டும் வரும்போது:

1. தண்ணீர் ஏறிய வீட்டில் மெயினை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு இறக்கக் கூடாது.

2. தண்ணீர் புகுந்த ப்ளக் பாயிண்டுகளைத் திறந்து காய வைத்து, உரிமம் பெற்ற வயர்மேன் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மூழ்கியிருந்தால் மெக்கானிக் பார்க்காமல் செருகக் கூடாது.

3. விளக்கு திடீரென்று கண் கூசும்படி எரிந்தாலோ ஃபேன் வெறி பிடித்தாற்போல் சுற்றினாலோ, தெருவில் நியூட்ரல் அறுந்து 415 வோல்ட்டை நோக்கி ஏறுகிறது. உடனே மெயினை இறக்க வேண்டும்.

அறுந்த கம்பி, திறந்த பில்லர் பாக்ஸ், பொறி பறக்கும் கம்பம் ஆகியவற்றைக் கண்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். கம்பத்திலோ பெட்டியிலோ எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் ஊழியர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்கள் வரும்வரை யாராவது ஒருவர் பத்து மீட்டருக்கு அப்பால் நின்று வழியை மறிக்க வேண்டும். கம்பி விழுந்த ஈரமண்ணில் மின்னழுத்தம் அடிக்கு அடி மாறும். எட்டி நடந்தால் இரண்டு கால்களுக்கும் நடுவிலேயே ஷாக் அடிக்கும். அருகில் மாட்டிக்கொண்டவர் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்தபடி விலக வேண்டும்.

ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால்

முதலில் மெயின். ஆளைத் தொடாதீர்கள். மெயின் எட்டாத இடத்தில் இருந்தால், உலர்ந்த பிளாஸ்டிக் நாற்காலியாலோ உலர்ந்த மரக்கட்டையாலோ தள்ளிவிடலாம். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். உயர் அழுத்தக் கம்பியில் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஆளைப் பிரித்ததும் 108-ஐ அழைக்க ஒருவரை அனுப்பிவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் நெஞ்சின் நடுவில், இரு மார்புக் காம்புகளுக்கும் இடையே, ஒரு கையின் அடிப்பாகத்தை வைத்து, மறு கையை அதன் மேல் வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பயிற்சி உள்ளவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கலாம். தெரியாதவர் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது, களைத்தால் ஆள் மாறலாம். தண்ணீர் தெளிப்பது, மண்ணில் புதைப்பது, உள்ளங்காலைத் தேய்ப்பது ஆகியவற்றில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு ரத்தம் போகாத நிமிடம்.

சில நேரம் ஆள் தானாகவே எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்பார். விரலில் சிறிய கருகல் மட்டும் தெரியும். மின்சாரம் உள்ளே போன இடத்துக்கும் வெளியேறிய இடத்துக்கும் நடுவில் தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். துடிப்புக் கோளாறு சற்று நேரம் கழித்தும் தலைகாட்டக்கூடும். அவரைப் படுக்க வைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடாமல், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ அருகில் உள்ள வேறு மருத்துவமனைக்கோ கூட்டிச் சென்று, மின்சாரம் பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்லி, அன்றே ஈ.சி.ஜி. எடுக்கச் செய்யுங்கள்.